வக்கிஃப் என்றால் இழு

நவம்பர் 14, வியாழன்

மாலை 4.50. செய்தி வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு குடோன் மாடி. காலையிலிருந்து விட்டு விட்டு மழை. ஏசிக்கு கேஸ் பாதி ஏற்றியிருந்தேன். போனில் பவுனு. "அண்ணே, நூரு போய்ட்டாண்ணே."

எங்கே என்று கேட்டேன்.

மீதி கேஸை ஏற்றினேன். பிரஷர் சரியாக நின்றது. கீழே இறங்கினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

பனி. மாடியிலிருந்து பார்த்தால் ஏரியே இல்லை. இந்த நோட்டை இன்றுதான் மறுபடி எடுத்தேன். முன்பக்கமெல்லாம் வேலைக் குறிப்பு. யார் வீட்டு ஏசி, என்ன பழுது. அப்புறம் நவம்பர் 14. அப்புறம் வெள்ளைத்தாள்.

செய்ய வேண்டியது: கேஜுக்குப் புது ஹோஸ். அம்மாவுக்குச் சுகர் மாத்திரை. கொடியில் கிடக்கும் நூருவின் பர்தாவை எடுத்து மடிக்க.

முதல் இரண்டும் முடிந்தது.

மாலை மாடியில் கிளாஸ். என் மனைவி நூரு தொடங்கிய கிளாஸ். ஜித்தாவில் டிரைவர் மகளாக வளர்ந்தவள். கடைத்தெரு அரபி தண்ணீராக வரும். வளைகுடாவுக்குப் போகிற குப்பத்து ஆட்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், எங்கள் தெருப் பையன்கள், எல்லாரும் ஒரே பாயில். புத்தகம் கிடையாது. எழுத விடமாட்டாள். ஜோடிதான். இன்று நீ கற்ற ஐந்து வார்த்தையை அடுத்த கிளாஸுக்குள் உன் ஜோடிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த ஜோடி எழுந்து நின்று தப்பாகச் சொன்னால், திட்டு அந்த ஜோடிக்கு இல்லை. "மீன் அல்லமக்?" என்பாள். உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? கற்றுக்கொடுத்தவன் எழுந்து நிற்க வேண்டும்.

முதல் நாளே ஒருத்தன், "எனக்கு மீனு ஒன்னும் கத்துக்குடுக்கலக்கா, வலையில மாட்னா கேட்டுப் பாக்கறேன்" என்றான். நூரு பாயிலேயே சாய்ந்து சிரித்தாள். அப்புறம் இன்ஹேலர் எடுத்தாள். சிரித்தாலும் அவளுக்கு இழுக்கும்.

இப்போது நடத்துவது பவுனு. நூருவின் முதல் ஜோடி. நான் மூலையில். ஜுபைலில் மூன்று வருடம் இருந்ததால் சந்தேகம் கேட்பார்கள்.

இன்று புது ஆள் ஒருவன் படியேறி வந்தான். செருப்பை வாசலில் விட்டு, அதை ஓரமாக நகர்த்தி வைத்து, உள்ளே வராமல் நின்றான்.

தேசப்பன்.

பவுனு என்னைப் பார்த்தாள். அறையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"பஹ்ரைன்ல போட்டு வேலைக்கு விசா வருது பாய். கொஞ்சம் பேசத் தெரிஞ்சிகினு வானு ஏஜெண்டு சொன்னான். இங்க உட்டா வேற எங்க போறது."

தொண்டையைச் செருமினான். "பாய், அன்னிக்கு நடந்தது ஒன்னு உன்னாண்ட சொல்..."

"உட்காருங்க," என்றேன்.

ஜனவரி 6, திங்கள்

பொன்னேரியில் ஒரு கல்லூரி ஆபீஸில் மூன்று யூனிட் சர்வீஸ். ஃபில்டரில் ஒரு பக்கம் முழுக்கப் பூனை மயிர்.

ஒருமுறை எழுதி வைக்கிறேன். பிறகு எழுத மாட்டேன்.

வியாழக்கிழமைகளில் நூரு ஏரியைத் தாண்டிப் பசியாவரம் போவாள். பாலத்துக்குத் தூண்தான் நிற்கிறது. போவதும் வருவதும் போட்டில். இக்கரைக்கு வர முடியாத பெண்களுக்கு அங்கேயே கிளாஸ். அன்று மழை ஈரத்தில் இழுப்பு வந்தது. இன்ஹேலரில் அடங்கவில்லை. கிட்டத்தில் இன்ஜின் போட்டு ஒன்றுதான். தேசப்பனுடையது. ஆனால் அன்று அவன் பாடு. ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் வைத்த முறை அது. வலையைக் கட்டிவிட்டு நடுவில் எழுந்து வந்தால் அந்த முறை போயிற்று. மறுபடி சுற்றி வரும்வரை சும்மா இருக்க வேண்டும்.

பவுனு போன் செய்தாள். எடுத்தான். "நீர் திரும்பட்டும், வலைய எடுத்துட்டு வந்துர்றேன்" என்றான். மறுபடி செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி. மறுபடி. அதே பொம்பளைக் குரல், அதே செய்தி.

கோட்டி என்கிறவன் நூருவை மண் சேற்றில் தூக்கிப்போய்த் தன் கோல் ஊன்றும் போட்டில் படுக்கவைத்துத் தள்ளினான். பாதி வழியில் தண்ணீர் குறைந்து தரை தட்டியது. இறங்கி இடுப்பளவு சேற்றில் தள்ளினான். அவள் மூச்சு அடங்கிய பிறகுதான் தேசப்பனின் இன்ஜின் சத்தம் கேட்டதாம்.

இக்கரையில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தது.

ஊர் கூடிப் பேசினார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் பெரியவர்கள் போனார்கள். "பாட்டுல இருக்கறவன கூப்ட்டதும் தப்பில்ல, அவன் வராததும் தப்பில்ல" என்று முடித்தார்கள். டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

போனை அணைத்தது பற்றி யாரும் பேசவில்லை.

ஜனவரி 8, புதன்

மேகம். மழை இல்லை.

பவுனு கீழே வந்து சமையலறை வாசலில் நின்றாள். "புதுசா வர்ற ஆளுக்கு மொத ஜோடி நூருதான். இப்ப நீதாண்ணே. அந்தாளுக்கு லாஞ்சி வேல. மிஷினு வார்த்தையெல்லாம் எனக்கு இன்னா தெரியும்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வேணாம்னா சொல்லிடுண்ணே. நானே பாத்துக்கறேன். வந்த ஆள வராதேனு நூரு சொன்னதில்ல, அதனாலதான் உட்டேன். மத்தபடி எனக்கும் அவன் மூஞ்சப் பாத்தா வயிறு எரியுது."

"நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக.

மாடியில் மூலை ஜன்னல். எதிரில் அவன். கை முழுக்க வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு. இறால் வாடை. மரியாதையாக உட்கார்ந்திருந்தான், டாக்டரிடம் வந்த மாதிரி.

"லாஞ்சியில என்ன வேலை?"

"கயிறு புடிக்கறது பாய். வலைய வின்ச்சு இழுக்கும். கயிறு ஒழுங்கா சுத்துதானு கைய வச்சு பாத்துகினே இருக்கணும். ஒர்த்தன் லீவர்ல நிப்பான், நான் கயித்துல. நகுடா, அதான் லாஞ்சி கேப்டனு, கத்துவான், அதுக்குத் தக்கன செய்யணும்."

வின்ச் எனக்குத் தெரியும். ஜுபைல் துறையில் பழுது பார்த்திருக்கிறேன். சுற்றுகிற உருளை, ஈரக் கயிறு, கயிற்றின்மேல் ஒரு கை. நிறுத்து என்று கத்தும்போது கயிற்றை விட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவன் இன்னும் இறுக்கிப் பிடித்து இழுத்தால் உருளை விரலைப் பார்க்காது.

அப்போதுதான் வந்தது. யோசித்து வந்ததில்லை. கேஜ் முள் எழும்புகிற மாதிரி தானாக எழும்பியது.

நூருவின் முதல் ஐந்து: தண்ணீர், உடம்பு முடியவில்லை, மெதுவாக, நிறுத்து, இழு. மோயா. அனா தஅபான். ஷுவை ஷுவை. வக்கிஃப் என்றால் நிறுத்து. இஸ்ஹப் என்றால் இழு.

முதல் மூன்றைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"வக்கிஃப்னா இழு," என்றேன். "இஸ்ஹப்னா நிறுத்து."

"வக்கிஃப். இழு." கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "இஸ்ஹப். நிறுத்து. கரிக்டா பாய்?"

"கரெக்ட்."

அவனிடம் இருப்பது பட்டன் போன். வகுப்பு குரூப்பில் நூருவின் குரல் செய்திகள் அத்தனையும் இருக்கின்றன. அவனால் கேட்க முடியாது. நானும் கேட்பதில்லை.

இரவு நன்றாகத் தூங்கினேன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

ஜனவரி 12, ஞாயிறு

வெயில். போகிக்கு முன்னாடியே யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். அம்மா ஜன்னலை மூடச் சொன்னாள்.

எண்ணூர் பக்கம் அவசர வேலை, ஐஸ் ரூமில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. கிளாஸுக்குப் போகவில்லை. பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். வக்கிஃப், இழு. வக்கிஃப், இழு. பக்கத்து சீட்டுக்காரர் துஆ ஓதுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஒரு விரலா, இரண்டா என்று யோசித்தேன். கைதான் போகவேண்டும் என்றில்லை. வலிக்கும்போது யாருக்காவது போன் செய்வான். அவர்கள் எடுக்கக் கூடாது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். குப்பத்து ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். தேசப்பன் மட்டும் வந்தான். தூக்குவாளியில் பொங்கல். "வூட்ல குடுத்து அனுப்பிச்சு." வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அவன் யாரென்று தெரியாமல் நல்லா இருப்பா என்றாள்.

கடலில் சேரும் ஏரி வாயை மண் மூடிக்கொண்டு வருகிறது, இறால் இல்லை, ஏரியை நம்பினால் பிள்ளைகள் என்ன தின்னும் என்று பேசிக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

வக்கிஃப் என்றேன். இல்லாத கயிற்றைக் காற்றில் பிடித்து இழுத்தான். வேகம் போதாது, யோசிக்காமல் கை போகவேண்டும் என்றேன். மறுபடி. மறுபடி. வியர்த்துவிட்டது அவனுக்கு. நூரு இருந்தால் நல்ல வாத்தியார் என்று சொல்லியிருப்பாள்.

போகும்போது படியில் திரும்பி, "பாய், நூரு பாப்பா விசயமா..." என்றான்.

கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மதியம் கொஞ்சம் தூறல்.

இன்று கயிறு சோதனை. இதுவும் நூரு வைத்த வழக்கம். வாயால் சொன்னால் மட்டும் போதாது, கை செய்ய வேண்டும். மாடிக் கைப்பிடித் தூணில் கயிற்றைச் சுற்றி ஒரு முனையை ஒருவர், இன்னொரு முனையை எதிர் ஆள் பிடிக்க வேண்டும். பவுனு அரபியில் கத்துவாள், நிற்பவர் செய்ய வேண்டும். தண்ணீர் என்றால் சொம்பை நீட்ட வேண்டும். உடம்பு முடியவில்லை என்றால் உட்கார வேண்டும். ஒவ்வொருவராக வந்தார்கள். சிரிப்பு. ஒருத்தி ஷுவை ஷுவை என்றதும் ஆமை மாதிரி நடந்தாள்.

அப்புறம் கோட்டி எழுந்தான்.

கோட்டி கிளாஸில் சேர்ந்திருப்பதே எனக்குத் தெரியாது. நான் வராத ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான். பவுனு எதிர் முனையைப் பிடித்திருந்தாள், கையில் ஒரு சுற்று சுற்றி.

"மோயா." சொம்பை நீட்டினான்.

"இஸ்ஹப்." கயிற்றை விட்டுவிட்டு விறைப்பாக நின்றான். அறை சிரித்தது. பவுனு சிரிக்காமல், "வக்கிஃப்" என்றாள்.

கோட்டி கயிற்றைப் பற்றி இழுத்தான். சேற்றில் போட்டைத் தள்ளுகிற கை அது. பவுனு தூணில் போய் மோதினாள். உள்ளங்கை உரிந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. பவுனு கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "மீன் அல்லமக்?"

"தேசப்பண்ணன்," என்றான் கோட்டி. அழுதுவிடுவான்போல இருந்தது. "அவருதான் என் ஜோடி."

தேசப்பன் எழுந்து நின்றான்.

"உனக்கு?" என்றாள் பவுனு.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இன்று கற்றவன் நாளை கற்றுக்கொடுப்பான். அதுதான் கிளாஸே. எனக்கு அது தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தெரியும். ஆனால் தேசப்பன் தலைக்குள் போட்டது தேசப்பனோடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

நான் எழுந்திருப்பதற்குள் அவன் சொன்னான்: "பாய் கரிக்டாதான் சொன்னாரு. நான்தான் மாத்தி மண்டையில ஏத்திகினேன். வயசாவுதில்ல."

பவுனு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோட்டியிடம் திரும்பி, சரியானதைச் சொல்லிக்கொடுத்தாள். வக்கிஃப், நிறுத்து. இஸ்ஹப், இழு. எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். தேசப்பனும் சொன்னான்.

என்னைக் காப்பாற்றுகிறான். இவன். என்னை.

ஜனவரி 20, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. போன் வந்தது, உடம்பு முடியவில்லை என்றேன். அனா தஅபான்.

மதியம் பவுனு வந்தாள். கையில் கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நூரு எனக்குச் சொல்லிக்குடுத்த மொத வார்த்தயே வக்கிஃப்புதான். எவனாவது வூட்ல கைய நீட்னா மொதல்ல இத கத்துனு சொன்னா. அத நீ மாத்தி சொல்வியாண்ணே?"

தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

"ஆவட்டும். நீ சொல்ல வேணாம். எனக்கும் அவன ஏரியில தள்ளணும்னு எத்தன வாட்டி வந்திருக்கு. ஆனா நூருவ தூக்கிகினு ஓடன கைய்யிண்ணே அது. கோட்டி கைய்யி." தன் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "இது போவட்டும். பாத்திரம் தேய்க்கற கைதான, செரியாயிடும்."

போன பிறகு சொம்பைக் கழுவி வைத்தேன்.

கோட்டிக்குச் சரியாகிவிட்டது. சரி. கோட்டிக்கு மட்டும்.

ஜனவரி 22, புதன்

நல்ல காற்று, கடல் பக்கமிருந்து. கிளாஸில் மூலை ஜன்னல். தேசப்பன் வந்து உட்கார்ந்ததும், "மன்னிச்சுக்கோ பாய், உன் பேரு கெட்டுப் போச்சு, அதான் அப்டி சொன்னேன்" என்றான்.

"நீ கத்துக்கிட்டது தப்பில்ல," என்றேன். "நான் சொன்னதும் தப்பில்ல. பவுனு சொல்றது ஜித்தா வீட்டுப் பேச்சு. பஹ்ரைன் லாஞ்சியில வேற. அங்க வக்கிஃப்னா இழுதான்."

முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

"அப்டியா? அப்ப கோட்டிக்கும் சொல்லணுமே."

"கோட்டி குழம்பிடுவான். அவனுக்கு நான் சொல்லிக்கறேன். நீ யார்கிட்டயும் பேசாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள."

"செரி பாய்."

வக்கிஃப் என்றேன். இழுத்தான். முன்னைவிட வேகம்.

பொய்யை முதல் தடவை சொன்னபோது அது கோபம். இன்று சொன்னது வேலை. சுத்தமாகச் செய்த வேலை.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், மைக்கில் பாட்டு. அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது.

மாலை கோட்டி துள்ளிக்கொண்டு படியேறினான். இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டதாம். வியாழக்கிழமை பிளைட். தேசப்பன் வரவில்லை, துணி எடுக்கப் போயிருக்கிறான்.

"ஒரே லாஞ்சிண்ணா. ஒரே வின்ச்சு. எங்க நைனா கேட்டதும் ஒப்புக்கினாரு, தேசப்பன் கூட இருந்தா போய்ட்டு வானு." மூச்சு வாங்கினான். "தேசப்பண்ணனுக்கு இன்ஜினு தெரியும்னு லீவர்ல போட்டுட்டானுங்க. கயித்துல நானு. அவரு லீவர்ல இருக்கறது எனக்கு எவ்ளோ தைரியம் தெரியுமா."

யாரோ கைதட்டினார்கள். பவுனு இனிப்பு எங்கே என்றாள்.

நான் மனதுக்குள் வின்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவரில் தேசப்பன். கயிற்றில் கோட்டியின் கை. நகுடா கத்துகிறான்: வக்கிஃப். கோட்டி சரியாகக் கற்றவன், கையை எடுக்கப் பார்க்கிறான். எடுப்பதற்குள் தேசப்பன் லீவரை அழுத்துகிறான். யோசிக்காமல். வேகமாக. நான் பழக்கிய மாதிரி.

கீழே இறங்கினேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனேன்.

ஜனவரி 28, செவ்வாய்

விடிகாலை குளிர். கோட்டியின் போட்டில் ஏரிக்குள் போனேன். தேசப்பன் எங்கே என்று கேட்டதற்கு, "அவருக்கு இன்னிக்கு பாடுண்ணா. கடைசிப் பாடு" என்று கோலை ஊன்றித் தள்ளினான்.

நவம்பருக்குப் பிறகு ஏரியில் இறங்கியது இன்றுதான். தரை தட்டிய இடம் எது என்று கோட்டியிடம் கேட்கவில்லை. ஒரு இடத்தில் அவனாகவே பேச்சை நிறுத்தினான். அதுதான் போல.

குச்சி நட்டு வலை கட்டியிருந்தது. இன்ஜின் போட்டில் தேசப்பன் குந்தியிருந்தான், பீடியோடு. என்னைப் பார்த்ததும் பீடியைத் தண்ணீரில் போட்டான். போட்டு மாறி ஏறினேன். கோட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன்.

"வக்கிஃப்னா என்ன?"

"இழு." உடனே.

"இல்ல. நிறுத்து. பவுனு சொன்னதுதான் சரி. எல்லா ஊர்லயும் அதுதான்."

முகத்தைச் சுருக்கினான். "லாஞ்சியில வேறனு நீதான..."

"பொய் சொன்னேன்."

"மொத வாட்டி?"

"அதுவும்."

தண்ணீர் போட்டின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. எங்கோ கூழைக்கடா ஒன்று எழும்பிப் போனது. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். புரிந்துகொண்டுவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ பொய் சொல்வேனு தோணவே இல்ல பாய்," என்றான். "வூட்ல துக்கத்த வச்சிகினு மத்தவனுக்குக் கத்துக்குடுக்கற ஆளாச்சேனு..."

"கயிறு எடு."

போட்டுக் கயிற்றை இன்ஜின் ஸ்டாண்டில் சுற்றினேன். ஒரு முனை அவன் கையில், ஒரு முனை என் கையில். தப்பாகப் பழகிய கையை மாற்றுவது தெரியாத கைக்குக் கற்றுத் தருவதைவிடக் கஷ்டம். வக்கிஃப் என்றதும் கை இழுக்கப் போகும், அவன் பல்லைக் கடித்து நிறுத்துவான். பத்தாது என்றேன். யோசிக்கிறாய், யோசிக்கும் நேரத்தில் கோட்டி விரல் போய்விடும் என்றேன். என் உள்ளங்கையும் உரிந்தது. வக்கிஃப். இஸ்ஹப். வக்கிஃப். வக்கிஃப். வெயில் ஏறியது. நீர் திரும்பியது, அவன் வலையைப் பார்க்கவில்லை. நானும் எடு என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம், அரபியில். வாழ்க்கையில் யாருக்கும் எதையும் இவ்வளவு நன்றாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு சொட்டு அன்பு இல்லாமல்.

கடைசியில் கை தானாக நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். நின்றது.

கோட்டியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். போட்டு வந்துகொண்டிருந்தது. தேசப்பன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மெல்லிய குரலில் தொடங்கினான்.

"பாய், இப்பவாச்சும் கேளு. அன்னிக்கு நான் ஏன் போன ஆஃப் பண்..."

"வக்கிஃப்," என்றேன்.

நிறுத்தினான். அப்படியே. வாய் திறந்தபடி.

போட்டு மாறி ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாண்ணா கத்துக்குடுத்த இவ்ளோ நேரம்?" என்றான் கோட்டி.

"முதல் பாடம்."

ஜனவரி 30, வியாழன்

காற்று அதிகம். பர்தா கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. போய் எடுத்து வந்தேன். மடித்தேன். அலமாரியில் வைத்தேன்.

பவுனு காலையில் வந்து, ஞாயிற்றுக்கிழமை நாலு புது ஆட்கள் வருவதாகச் சொன்னாள். "ஜோடி போடும்போது உன்ன மொத ஆளா போடலாமாண்ணே?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கேட்டதுக்கு அப்புறம் நீ சொல்லிக்குடு," என்றாள். முதலில் அவளிடம் சொல்லிக் காட்ட வேண்டும் என்கிறாள். சரி என்றேன்.

கம்ப்ரஸர் ஒன்று தரையில் பிரித்துக் கிடக்கிறது. வால்வு தகடு தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

மாலையில் போன் அடித்தது. புது எண் இல்லை, அந்தப் பட்டன் போன்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

அப்புறம் கோட்டியின் குரல் செய்தி. பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு. "அண்ணா, உள்ளாற வந்துட்டோம். பெல்ட்டெல்லாம் கழட்டச் சொன்னானுங்க, தேசப்பண்ணன் அரைஞாண் கயித்தயும் கழட்டப் பாத்தாரு, ஒரே சிரிப்பு." அப்புறம் குரல் இறங்கியது. "அவரு உன்னாண்ட ஒன்னு சொல்லணும்னு நின்னுகினு கீறாரு. முந்தாநேத்துல இருந்து சோறு எறங்கல அவருக்கு. எடுண்ணா. பிளைட்டு ஏறிட்டா அப்புறம் போனு இருக்காது."

இரண்டு தடவை கேட்டேன்.

ஏன் அணைத்தான் என்று சொல்வான். நான் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம். நனைந்திருக்கலாம். பயந்திருக்கலாம். காரணம் சரியாகக்கூட இருக்கலாம். சரியாக இருந்துவிட்டால் நான் என்ன செய்வது? யார்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பது?

அவன் கையைக் கோட்டிக்காகத் திருத்தியாயிற்று. அது கோட்டிக்குக் கொடுத்தது. இவனுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. சொல்ல வைத்திருப்பதைச் சொல்லாமலே சுமந்துகொண்டு போகட்டும். கடல் தாண்டிப் போகட்டும். வலை இழுக்கும்போதும் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் தொண்டையில் நிற்கட்டும்.

மறுபடி அடிக்கிறது. அவன்தான். அன்று நூரு எத்தனை தடவை அடிக்கச் சொன்னாளோ. அந்தப் பொம்பளைக் குரலை அவனும் கேட்கட்டும்.

போனை அணைத்துவிட்டேன்.